பெற்றோரைக் காட்டி விற்கும் நாற்றுமேடை: ஹாலி-எலப் பக்கத்துக் கத்தரி நாற்றுகள் பற்றிய மதிப்பீடு

பதுளை நகரிலிருந்து ஹாலி-எலவை நோக்கிச் செல்லும் வீதியில், பிரதான பாதையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை எதுவுமின்றி இயங்கும் நாற்றுமேடை ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறேன். மிளகாய், தக்காளி, கோவா, லீக்ஸ் நாற்றுகளும் அங்கே கிடைக்குமாயினும் அவற்றை இதே தரத்தில் வேறு இடங்களிலும் வாங்கிவிடலாம். கத்தரி நாற்றுக்காக மட்டும் அங்கே போகலாம் என்பது என் முடிவு. நாற்றுகள் செழிப்பாக இருப்பது ஒரு காரணமே அல்ல. அந்த நாற்று எந்தப் பெற்றோரிலிருந்து வந்தது, அதன் காயிலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்தில் நட்டால் எப்படிப்பட்ட செடிகள் வரும் என்பதை வாங்க வருபவர் தம் கண்ணாலேயே பார்த்து முடிவெடுக்கும்படி அங்கே வைத்திருக்கிறார்கள். மலையகத்தில் வேறெந்த விதைக்கடையிலும் நான் இதைக் கண்டதில்லை.

கத்தரியில் மூன்று வகை நாற்றுகள் விற்பனைக்கு உண்டு. முதலாவது, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கலப்புப்பிறப்பு விதையிலிருந்து வளர்த்தது. பக்கற்றில் எப்-1, அதாவது இரு பெற்றோரைக் கலந்து பெற்ற முதற் சந்ததி, என்று அச்சிடப்பட்டிருக்கும்; பேச்சில் கலப்பினம் என்பதும் இதையே. இரண்டாவது, படகொட, திருநெல்வேலி ஊதா போன்ற, விவசாயத் திணைக்களத்தின் மூலம் பரவிய திறந்த மகரந்தச்சேர்க்கை வர்க்கங்கள், அதாவது விதை எடுத்து மீண்டும் நட்டாலும் பெரிதாக மாறாதவை. மூன்றாவது, நாற்றுமேடையின் உரிமையாளர் தாமே தெரிந்தெடுத்து வரும் ஒரு வரிசை. முதலாவதன் விலை மற்ற இரண்டையும் போலப் பல மடங்கு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதி விதையின் விலை ஏறிய வேகம் தோட்டத்து லயங்களின் முன்னால் நான்கு பாத்தி போட்டு வாழ்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே "கலப்பினக் காயிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாமா" என்ற கேள்வி அந்த நாற்றுமேடையில் அடிக்கடி எழுவதில் வியப்பில்லை.

மலையகத்தில் பிறந்தவருக்கு அதன் பதிலை விளங்க வைக்க அதிகம் பேசத் தேவையில்லை. பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் இலையின் அளவிலும் நிறத்திலும் கொழுந்து எழும் வேகத்திலும் வேறுபாடு தெரியும், ரி.ஆர்.ஐ. 2025 என்ற தேயிலை வகையை நட்ட விபி (பதியமுறைத் தேயிலை) மலையிலோ எல்லாச் செடிகளும் ஒரே தாய்ச்செடியின் தண்டுத் துண்டங்களிலிருந்து வந்தவை என்பதால் ஒரே சீராக நிற்கும். எப்-1 கத்தரிப் பாத்தி பார்வைக்கு விபி மலை. ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதையில் முளைப்பது விதைத் தேயிலை மலை. உரிமையாளர் இந்த விளக்கத்தை வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், வலைவீட்டுக்குப் பின்னால் உள்ள படிக்கட்டு நிலத்தில் பாத்தியாகவே நட்டு வைத்திருப்பதுதான் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது.

அந்த மாதிரிப் பாத்தியில் ஆறு வரிசைகள் உள்ளன. ஓர் ஓரத்தில் நீண்ட ஊதாக் காய் தரும், முள்ளில்லாத, நிமிர்ந்து வளரும் ஒரு வர்க்கம்; மறு ஓரத்தில் குட்டையாகப் படர்ந்து, காம்பிலும் புல்லியிலும் முள் தாங்கி, சிறிய உருண்டைப் பச்சைக் காய்களை ஏராளமாகத் தரும் ஊர்க்கத்தரி. இடையில் இவ்விரண்டையும் கலந்து பெற்ற முதற் சந்ததி, அந்த முதற் சந்ததியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டுப் பெற்ற இரண்டாம் சந்ததி, முதற் சந்ததியை ஒவ்வொரு பெற்றோருடனும் மீண்டும் கலந்து பெற்ற இரு பின்கலப்பு வரிசைகள். இது விளையாட்டாகப் போட்ட அமைப்பு அல்ல. பயிர்களில் ஒரு பண்பு எவ்வாறு தலைமுறைக்குக் கடத்தப்படுகிறது என்று ஆராய்பவர்கள் கையாளும் ஆறு சந்ததி முறையே இது. உரிமையாளர் விவசாயப் பண்ணை ஒன்றில் களப்பணியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் என்னிடம், மெண்டலின் பட்டாணியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதை விட்டுவிட்டுப் பிள்ளைகளை இங்கே அழைத்து வரும்படி அவர் சொன்னபோது மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

எளிதில் விளங்கும் பண்புகளை அந்தப் பாத்தி உடனேயே காட்டிவிடுகிறது. கத்தரிக்கு இருபத்து நான்கு நிறமூர்த்தங்கள், அதாவது பன்னிரண்டு சோடிகள். காயின் ஊதா நிறம் பொதுவாகப் பச்சைக்கு ஆட்சியுடையது, அதாவது இரண்டும் ஒரு செடியில் சேர்ந்தால் ஊதாவே வெளியே தெரியும். முள்ளும் முள்ளின்மைக்கு மேல் ஆட்சி செலுத்துவது, ஆனால் முழுமையாக அல்ல. ஆகவே முதற் சந்ததி வரிசையில் எல்லாச் செடிகளும் ஊதாக் காயோடு, ஊர்க்கத்தரியை விடக் குறைந்த, ஆனாலும் கையில் குத்தக்கூடிய முள்ளோடு நிற்கின்றன. இரண்டாம் சந்ததியில் பச்சைக் காய்ச் செடிகள் மீண்டும் தலை காட்டுகின்றன. நிறத்தை ஒன்றுக்கு மேற்பட்ட பரம்பரை அலகுகள் (ஜீன்கள்) சேர்ந்து தீர்மானிக்கும் கலப்புகளும் உண்டென்பதால், பாடநூலில் உள்ள மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார்.

இந்த நிற விடயத்தில் வாங்குபவருக்கு நேரடிப் பயன் ஒன்றும் உண்டு. ஊதாச் செடியை ஆணாகவும் பச்சைச் செடியைப் பெண்ணாகவும் வைத்துக் கலந்த விதையென்றால், நாற்றுத் தட்டில் வித்திலை விரியும் பருவத்திலேயே தண்டின் அடியைப் பார்த்து, உண்மையான கலப்புப்பிறப்பு எது, தாய்ச்செடி தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டிய நாற்று எது என்று பிரித்துவிடலாம்: ஊதாத் தண்டு கலப்பு, பச்சைத் தண்டு தாயின் சாயல். தாம் கலந்து எடுக்கும் விதையில் பச்சைத் தண்டு நாற்றுகளை அவர் விற்பனைக்கு வைப்பதே இல்லை, பிடுங்கி எறிந்துவிடுகிறார். கடையில் பணம் கொடுத்து வாங்கிய எப்-1 விதைக்கு இந்தச் சோதனை பொருந்தாமலும் போகலாம், ஏனெனில் இரு பெற்றோரும் ஊதாத் தண்டு உடையவையாக இருந்தால் பிரித்தறிய வழியில்லை.

வளர்ச்சிப் பண்புகளுக்கு வரும்போது பாத்தி முற்றிலும் வேறு கதை சொல்கிறது. செடியின் உயரம், கிளைகளின் எண்ணிக்கை, படரும் அகலம், முதற் பூ விரிய எடுக்கும் நாட்கள், காயின் எண்ணிக்கை, காயின் நிறை ஆகிய எதையும் இரண்டாம் சந்ததியில் "உயரம், குட்டை" என்று இரண்டு கூட்டமாகப் பிரிக்க முடியாது. முழங்கால் உயரச் செடியிலிருந்து நெஞ்சு உயரச் செடி வரை இடைவெளி இல்லாத ஏணியாக அவை நிற்கின்றன. இரு பெற்றோரையும் தாண்டி உயர்ந்த செடிகளும், குட்டைப் பெற்றோரையும் விடக் குட்டையானவையும் அங்கே உள்ளன. சிறு சிறு விளைவுடைய பல பரம்பரை அலகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடி இப்பண்புகளை நடத்துகின்றன என்பதற்கும், குட்டைப் பெற்றோரிடமும் உயரத்தைக் கூட்டும் அலகுகள் சில மறைந்திருந்தன என்பதற்கும் இதுவே சான்று. பத்துச் சோடி அலகுகளில் மட்டுமே பெற்றோர் வேறுபடுகிறார்கள் என்றும், அவை ஒன்றோடொன்று பிணைந்திருக்கவில்லை என்றும் வைத்துக்கொண்டாலும், முதற் சந்ததிச் செடியின் அதே பிறப்புரிமையமைப்பு இரண்டாம் சந்ததியில் 1,024 செடிகளில் ஒன்றுக்குத்தான் வாய்க்கும். கலப்பினக் காயின் விதையை நட்டு, பக்கற்றின் படத்தில் உள்ள செடியை எதிர்பார்ப்பவர் இந்தக் கணக்கோடுதான் சூதாடுகிறார்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. நாற்றுமேடையின் உண்மையான மதிப்பு எனக்குப் புலப்பட்டது இந்த இடத்தில்தான். இரண்டாம் சந்ததியில் ஒரு செடி உயரமாக நிற்பதற்கு அதன் பரம்பரை காரணமா, அல்லது அது கூட்டெருக் குழியின் ஓரத்தில் நிற்பது காரணமா என்று அந்த ஒரு செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பெற்றோர் வரிசை ஒவ்வொன்றும் நீண்ட காலத் தன்மகரந்தச் சேர்க்கையால் தூய்மையானவை; முதற் சந்ததியும் உள்ளுக்குள் கலப்பாக இருந்தாலும் செடிக்குச் செடி ஒரே அமைப்புடையது. ஆகவே இந்த மூன்று வரிசைகளுக்குள்ளும் உயரத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வு முழுவதும் மண், வெயில், நீர், பசளை ஆகியவற்றால் வந்தது. இரண்டாம் சந்ததியின் ஏற்றத்தாழ்விலிருந்து இதைக் கழித்தால் எஞ்சுவது பரம்பரையின் பங்கு. அந்தப் பங்கு பெரிதாக இருக்கும் பண்பில் ஒற்றைச் செடியைப் பார்த்துத் தெரிவு செய்யலாம். சிறிதாக இருந்தால் தெரிவு செய்வதில் பயனில்லை. பின்கலப்பு வரிசைகளையும் சேர்த்துக்கொண்டால், எஞ்சிய பங்கிலும் எவ்வளவு அலகுகளின் நேர்க்கூட்டல் விளைவு (ஒவ்வோர் அலகும் தனித்தனியே கூட்டும் பங்கு), எவ்வளவு ஆட்சியின் விளைவு என்று பிரிக்கலாம். நேர்க்கூட்டல் பங்கு மட்டுமே தெரிவின் மூலம் அடுத்த தலைமுறைக்கு நம்பிக்கையாகச் சென்று சேரும்; ஆட்சியால் வந்த உயர்வு விதை எடுக்கும்போது கலைந்துபோகும். காயின் நீளமும் நிறையும் பொதுவாகப் பரம்பரையை நன்றாகத் தாங்கி நிற்பவை. மொத்த விளைச்சலோ சூழலுக்கு அதிகம் இடம் கொடுக்கும் பண்பு. உரிமையாளர் தம் சீ.ஆர். கொப்பியில் வரிசை வரிசையாக உயரத்தையும் பூத்த நாளையும் எழுதி வைத்திருக்கிறார். பாத்தியின் ஓரச் செடிகளை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனெனில் அவற்றுக்கு வெளிச்சமும் இடமும் அதிகம். இப்படிப்பட்ட ஒழுங்கை நான் ஒரு வியாபார நாற்றுமேடையில் எதிர்பார்த்திருக்கவில்லை.

விளைச்சலில் கலப்புப்பிறப்பு ஏன் முந்துகிறது என்பதற்கும் அந்தக் கொப்பியில் எளிய பதில் உண்டு. கத்தரியில் காயின் எண்ணிக்கையும் காயின் நிறையும் ஒன்றுக்கொன்று எதிராக நடப்பவை. அதிகம் காய்க்கும் செடியின் காய் சிறிது, பெரிய காய் தரும் செடியில் எண்ணிக்கை குறைவு. கணக்குக்காக, ஊர்க்கத்தரி 50 கிராம் காய்கள் நாற்பதும் நீண்ட ஊதா 200 கிராம் காய்கள் பத்தும் தருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் விளைச்சல் 2 கிலோதான். முதற் சந்ததி எண்ணிக்கையில் நடுவாக இருபத்தைந்து காயும், நிறையில் நடுவாக 125 கிராமும் தந்தால் விளைச்சல் 3 கிலோவைத் தாண்டிவிடுகிறது. கத்தரிக் கலப்புகளில் காயின் நிறை பெரும்பாலும் சிறிய பெற்றோரின் பக்கம் சாயும் என்பதால், நிறையை 100 கிராமாகக் குறைத்துக் கொண்டாலும் 2.5 கிலோ வருகிறது. எந்த ஒரு பண்பிலும் பெற்றோரை மிஞ்சாத செடி, இரண்டையும் பெருக்கும்போது இருவரையும் மிஞ்சிவிடுகிறது. இதற்கு மேல் உண்மையான கலப்புப்பிறப்பு வீரியமும் சேரும்போது, செடி பெற்றோரை விட உயர்ந்து, முன்கூட்டியே பூக்கவும் கூடும். ஆனால் விதை எடுத்து நட்டால், ஆட்சியால் மட்டும் வந்த வீரியத்தில் பாதி அடுத்த சந்ததியிலேயே போய்விடும்: பெற்றோர் 2 கிலோ, முதற் சந்ததி 3 கிலோ என்றால் இரண்டாம் சந்ததியின் சராசரி 2.5 கிலோ. சராசரி அவ்வளவு மோசமில்லை என்று ஒருவர் வாதாடலாம். சீரில்லாத காயைப் பதுளைச் சந்தையில் வியாபாரி என்ன விலைக்கு எடுப்பார் என்பதையும் அவர் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கத்தரிக் கலப்புப்பிறப்பு புதிய வியாபாரத் தந்திரம் என்று நம்மவர் சிலர் எண்ணுவதுண்டு. யப்பானின் சைத்தாமாப் பகுதியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையம் 1924 ஆம் ஆண்டிலேயே எப்-1 கத்தரியை விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டது. நகாய், கிடா ஆகிய இருவரும் 1926 இல் யப்பானிய வர்க்கங்களின் கலப்பில் தெரிந்த வீரியத்தை எழுதி வைத்தார்கள். காய்கறிகளில் கத்தரி இதற்கு முன்னோடியானதற்குக் காரணம் அதன் பூவின் அமைப்பு. பூ பெரிது; விரிவதற்கு முந்திய நாள் மகரந்தக்கூடுகளை இடுக்கியால் அகற்றிவிட்டு, மறுநாள் காலையில் ஆண்பெற்றோரின் மகரந்தத்தைக் குறியில் தடவினால் போதும்; ஒரு காய் முற்றினால் நூற்றுக்கணக்கான விதை. நாற்றுமேடையில் இதைச் செய்து காட்டச் சொன்னால் மறுக்காமல் செய்து காட்டுகிறார்கள். தம்பத்தின், அதாவது குறியைத் தாங்கும் தண்டின், நீளத்தைப் பார்த்துப் பூவைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்: மகரந்தக்கூட்டுக்கு மேல் குறி நீட்டி நிற்கும் நெடுந்தம்பப் பூவும், அதே மட்டத்தில் நிற்கும் இடைத்தம்பப் பூவும் காய்க்கும், குறி உள்ளே அமிழ்ந்திருக்கும் குறுந்தம்பப் பூ உதிர்ந்துபோகும். நெடுந்தம்பப் பூக்களை அதிகம் தரும் செடியைத் தெரிவது விளைச்சலைத் தெரிவதற்குச் சமம் என்பது அவருடைய கட்சி. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி என் நிலத்தில் இம்மூன்று வகைகளும் எப்படி நடந்துகொண்டன என்பதைச் சொல்கிறேன். என் காய்கறித் துண்டு தெமோதரைப் பக்கம், பதுளையை விட உயரமான, காற்று அடிக்கும் சரிவில் உள்ளது. பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்தில் உள்ளதால் கத்தரிக்கு இதமான வெப்பம் அங்கே உண்டு. 1,200 மீற்றரைத் தாண்டிய பண்டாரவளையிலும் அதற்கு மேலும் போகப் போக இரவுக் குளிரில் வளர்ச்சி மந்தமாகி மகரந்தமும் வலுவிழக்கும். 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் வெளிநிலத்தில் கத்தரி நட நினைப்பது வீண். எப்-1 நாற்று என் சரிவில் வேகமாக எழுந்து, மற்றவற்றுக்கு முன்பே பூத்து, முதல் பறிப்புகளில் தெளிவாக முந்தியது. அதன் உயரமே அதற்கு எதிரியாகவும் அமைந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் ஊவாவில் அடிக்கும் வறண்ட கச்சான் காற்றில், தடி நட்டுக் கட்டாத செடிகள் காயின் பாரத்தோடு சாய்ந்தன. தடிக்கும் கயிற்றுக்கும் ஆன செலவை நாற்றின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

படகொட எதற்கும் அவசரப்படவில்லை. முதல் பறிப்பு பிந்தியது, காய் கலப்பினத்தின் பளபளப்போடு இருக்கவில்லை, ஆனால் கவாத்துப் பண்ணிவிட்ட பின் அது மீண்டும் துளிர்த்துக் காய்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தேயிலையில் கவாத்துக் கத்தி பிடித்துப் பழகிய எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கத்தரியைக் கவாத்துப் பண்ணக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அடித்தண்டில் நல்ல கணுக்களை விட்டு வெட்டிப் பசளை போட்டால் இன்னொரு பருவம் காய் எடுக்கலாம். வீட்டுத் தேவைக்கு நடுபவருக்கும் விதையைத் தாமே வைத்துக்கொள்ள விரும்புபவருக்கும் இதுவே பொருத்தம் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

மூன்றாவது வகையான உரிமையாளரின் சொந்த வரிசைதான் பேசத் தக்கது. மாதிரிப் பாத்தியில் உள்ள அதே கலப்பின் இரண்டாம் சந்ததியிலிருந்து, உயரத்தில் இடைப்பட்ட, முள் குறைந்த, கிளை நிறைந்த செடிகளைத் தெரிந்து, பூ விரிவதற்கு முன்பே மெல்லிய துணிப்பை கட்டித் தன்மகரந்தச் சேர்க்கையை உறுதி செய்து, தலைமுறை தலைமுறையாக அவர் அதைக் கொண்டு வந்திருக்கிறார். இப்போது விற்பது ஆறாம் சந்ததி. ஒவ்வொரு தன்மகரந்தச் சேர்க்கையிலும் கலப்பாக உள்ள அலகுகளின் பங்கு பாதியாகக் குறையும்; இரண்டாம் சந்ததியில் 50 வீதம் என்றால் ஆறாவதில் சுமார் 3 வீதம். என் நிலத்தில் இவ்வரிசையின் காய் நிறமும் வடிவமும் ஏறத்தாழ ஒரே சீராக வந்தன. எப்-1 ஐ விடக் குட்டையாகப் படர்ந்து நின்றதால் காற்றுக்கு அசையவில்லை, தடி கட்டவும் நேரவில்லை. உயரத்தில் மட்டும் இன்னும் ஓரிரு செடிகள் தனித்துத் துருத்தி நின்றன. அதை அவரிடம் சொன்னபோது, "உயரம் பல பேர் சேந்து இழுக்கிற தேர் சார், உடனே நிக்காது" என்றார். கலப்பினத்தின் முதல் பறிப்பு வேகம் இதற்கு இல்லை. பருவம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், தடிச் செலவைக் கழித்த பின், என் சரிவுக்கு இதுவே இலாபமாகப்பட்டது. தாழ்ந்த, காற்றில்லாத நிலம் உடையவருக்கு இந்தத் தீர்ப்பு மாறலாம்.

சேவையில் குறைகள் இல்லாமல் இல்லை. முதற் குறை, பெயர்த்துண்டுகள். நாற்றுத் தட்டுகளில் செருகியிருக்கும் அட்டைகளில் பேனை மையால் எழுதுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எழுத்துக் கரைந்துவிடுகிறது. பரம்பரையை இவ்வளவு கவனமாகப் பதிவு செய்யும் இடத்தில், தட்டு மாறிப்போனால் அவ்வளவு உழைப்பும் வீண் என்பதை அவர்கள் உணர வேண்டும். இரண்டாவது குறை இன்னும் பெரிது: விலை மலிவாகக் கேட்டு வற்புறுத்துபவர்களுக்காகக் கலப்பினக் காயின் விதையில் வளர்த்த இரண்டாம் சந்ததி நாற்றுகளையும் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் இருக்கும்போது அதன் குணத்தை விளக்கிச் சொல்லியே கொடுக்கிறார்; சந்தை நாளில் அவர் இல்லாதபோது உதவிக்கு நிற்கும் தம்பி "இதுவும் அதே கலப்பினந்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். பாத்தியில் காட்டும் உண்மையை விற்பனை மேசையில் மறைப்பது அழகல்ல. அந்த மூலையை முற்றாக மூடிவிட்டால் நாற்றுமேடையின் நம்பகத்தன்மை கூடும்.

நாற்றுகளை வெயிலுக்குப் பழக்குவதிலும் கவனம் போதாது. வலைவீட்டுக்குள் நீரும் நிழலும் தாராளமாகப் பெற்று வளர்ந்த நாற்றை வாங்கி வந்த அன்றே நட்டால் வாடிவிடுகிறது. சில நாட்கள் வெளியில் வைத்து நீரைக் குறைத்துப் பழக்கிய பிறகே நடுவது நல்லது.

வாடல் நோயைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். மண்ணில் வாழும் பற்றீரியாவால் வரும் இந்த வாடல், உருளைக்கிழங்கும் தக்காளியும் மாறி மாறி நட்ட ஊவாவின் நிலங்களில் கத்தரிக்கு முதல் எதிரி. இம்மூன்றும் மிளகாயும் ஒரே குடும்பப் பயிர்கள். நோயெதிர்ப்பும் பரம்பரையாகக் கடத்தப்படும் பண்புதான். சில வரிசைகளில் பெரிய விளைவுடைய ஓர் அலகும் வேறு சிலவற்றில் பல அலகுகளும் அதை நடத்துகின்றன. தாய்வானை மையமாகக் கொண்ட உலகக் காய்கறி நிலையத்தின் இ.ஜி. 203 என்ற கத்தரி வரிசை, வாடலைத் தாங்குவதால் தக்காளி ஒட்டுக்கு அடிக்கட்டையாகவே பயன்படுகிறது. நாற்றுமேடையின் சொந்த வரிசை உயரம், கிளை, காய் ஆகியவற்றுக்காக மட்டுமே தெரிந்தெடுக்கப்பட்டது. வாடல் கண்ட மண்ணில் அதை வேண்டுமென்றே நட்டுப் பார்த்துத் தெரிவு செய்யவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் உடனே நட எண்ணுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திறந்த மகரந்தச்சேர்க்கை வர்க்கத்தையோ சொந்த வரிசையையோ வாங்கி விதை வைத்துக்கொள்ள விரும்புபவருக்கு அவர் தரும் ஆலோசனை சுருக்கமானது, சரியானதும் கூட. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டும் என்றாலும், மகரந்தக்கூட்டின் நுனித் துளையிலிருந்து மகரந்தத்தை அதிர்வால் உதிர்க்கும் பெரிய கருவண்டுகள் பக்கத்து வீட்டுப் பாத்தியின் மகரந்தத்தையும் கொண்டு வந்து சேர்க்கும். இந்தியாவின் விதைச் சான்றளிப்பு விதிகள் சான்று விதைக்கு 100 மீற்றரும் ஆதார விதைக்கு 200 மீற்றரும் இடைவெளி கேட்கின்றன. லயத்துக்கு லயம் பாத்தி ஒட்டி நிற்கும் எங்கள் தோட்டங்களில் அத்தனை இடைவெளிக்கு எங்கே போவது? அதனால் விதைக்கு விடும் பூவுக்கு மட்டும் விரியும் முன்பே துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூலால் அடையாளம் கட்டி, காய் முழுதாக மஞ்சளித்து முற்றிய பின் விதை எடுக்கச் சொல்கிறார். ஒரே செடியில் எடுக்காமல் பல நல்ல செடிகளில் எடுத்துக் கலந்து வைப்பது நல்லது. துணிப்பைகளையும் அங்கேயே சொற்ப விலைக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள்.

காலையில் போவது நல்லது; பூவின் கலப்பு வேலையைப் பார்க்க விரும்பினால் அதுவே நேரம், உரிமையாளரும் அப்போது பாத்தியில் இருப்பார். சொந்த வரிசை நாற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், ஏனெனில் துணிப்பை கட்டிய காயிலிருந்து வரும் விதை அளவோடுதான் கிடைக்கும். பெரும்போக மழை தொடங்கும் நேரத்தில் கேட்டால் படகொடவும் எப்-1 உம் மட்டுமே மிஞ்சியிருக்கும். பணம் கையில் கொடுக்க வேண்டும், அட்டை எடுப்பதில்லை. தட்டை எடுத்து வைக்கும் முன் அட்டையில் எழுதியிருப்பதை நீங்களே உங்கள் பென்சிலால் இன்னொரு முறை எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் எழுத்து மழைக்குக் கரையாது.